மாமாட விரலும் மூதூர் லோஞ்சும்

திருகோணமலை உவர்மலையில இருக்கிற என்ட மாமா முப்பது வருசத்துக்குக் கிட்ட தமிழ் படிப்பிச்சவர், அதில கனகாலம் குடாவுக்கு அங்கால இருக்கிற மூதூரிலதான், காலமை லோஞ்சில, அதான் மோட்டர் படகில, போய் பின்னேரம் லோஞ்சில வாறவர். குளுக்கோமா எண்ட கண் வருத்தம் வந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வை போய், இப்ப வெளிச்சம் இருக்கா இல்லையா எண்டது மட்டும்தான் தெரியும். போன் இருக்கு, பேப்பர், வாட்ஸ்அப், பாங்க் மெசேஜ் எல்லாத்தையும் அது வாசிச்சுக் காட்டும், அதனால வீட்டில நாங்க எல்லாரும் இனி என்ன பிரச்சினை, அதுதான் போன் கதைக்குதே எண்டு இருந்திட்டம்.

போன மாசம் பேத்திக்குப் பேர் வைச்சு மெசேஜ் வந்துது. மாமா மூண்டு தரம் திருப்பிக் கேட்டுட்டு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, யாழினிக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கினம், ழகரமா ளகரமா?" எழுத்தெழுத்தா வாசிக்க வைச்சும் பாத்தம், அந்தக் குரலில ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேட்குது. எத்தினை பிள்ளையளின்ட கொப்பியில ல, ள, ழ திருத்தின மனுசன், தன்ட பேத்தின்ட பேருக்கு இன்னொருத்தரிட்ட எழுத்துக் கேட்க வேண்டி வந்திட்டுது. எனக்கு அண்டைக்கு முழுக்க மனசு சரியில்லை.

அதுக்குப் பிறகுதான் விரலால தடவி வாசிக்கிற புள்ளி எழுத்தான பிரெய்ல் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினன். லூயி பிரெய்ல் 1824ல, 15 வயசில, ஆறு புள்ளியை வைச்சு உண்டாக்கினது. ரெண்டு வரிசை, வரிசைக்கு மூண்டு புள்ளி, அவ்வளவுதான். தமிழில ல எண்டா இடப்பக்கம் மூண்டும், ள எண்டா வலப்பக்கம் மூண்டும், ழ எண்டா இடப்பக்கம் மூண்டோட வலப்பக்கம் கீழ ரெண்டும். காதுக்குப் பிடிபடாதது விரலுக்கு இவ்வளவு தெளிவா இருக்கு! மட்டையில பாசிப்பயறை ஒட்டி மூண்டு எழுத்தையும் பெரிசா செய்து குடுத்தன். மாமா தடவிப் பாத்து, சிரிச்சு, திரும்பவும் தடவினார்.

போனோட பூட்டி எழுத்தை விரலுக்குக் குடுக்கிற பிரெய்ல் டிஸ்ப்ளேயும் இருக்கு. ஒரு எழுத்துக் கட்டத்துக்கு 8 ஊசி, ஒவ்வொரு ஊசிக்குக் கீழயும் கரண்ட் குடுத்தா வளையிற ஒரு பட்டை, அது ஊசியை மேல தள்ளும். 40 கட்டம் எண்டா 320 ஊசி, 320 பட்டை, விலை ஏன் அப்படி ஏறுது எண்டு இதிலயே விளங்கும். இதை மலிவாக்கிறதுக்கு நடக்கிற ஆராய்ச்சிதான் எனக்கு இப்ப எல்லாத்திலயும் பெரிசாப் படுது. நடந்ததே இல்லாத காரியமும் இல்லை, ஸ்டான்ஃபோர்டில ஜோன் லின்வில் எண்ட பேராசிரியர் பார்வை இல்லாத தன்ட மகளுக்காகத் தொடங்கின ஒப்டகோன் எண்ட கருவி 1971ல சந்தைக்கு வந்துது, சின்னக் கமெராவை அச்செழுத்துக்கு மேல கொண்டு போனா 144 ஊசி அதிர்ந்து அந்த எழுத்தின்ட வடிவத்தையே விரல் நுனியில வரையும். வடிவத்தைத்தானே குடுக்குது, தமிழ் எழுத்தெண்டாலும் விரலுக்கு வரும். பிறகு அதைச் செய்யிறதையே விட்டிட்டாங்க, இதை நினைச்சா எனக்கு இப்பவும் கவலைதான்.

இன்னொண்டு. 1996ல நேச்சர் இதழில ஒரு ஆய்வு வந்துது, சின்ன வயசிலயே பார்வை போனவங்க பிரெய்ல் வாசிக்கேக்க மூளையில பார்வைக்கெண்டு இருக்கிற பகுதி வேலை செய்யுதாம். மாமா வயசு போய் பார்வை இழந்தவர், அவருக்கு அப்படியே பொருந்தும் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா தடவிப் பாக்கிறது எண்டு நாங்க சும்மா சொல்ற சொல்லில "பாக்கிறது" எண்டும் இருக்குத்தானே.

பயறு எழுத்துக்குப் பிறகு தடவிப் பாக்கத் திருகோணமலை மப், அதான் வரைபடம், ஒண்டு செய்தன். முதல் செய்தது பிழைச்சுப் போச்சு, றோட்டெல்லாம் வேணுமெண்டு நூலை நெருக்கி நெருக்கி ஒட்டினதில மாமான்ட விரலுக்கு எல்லாம் ஒரே கும்பல். கண் முழுசையும் ஒரேயடியாப் பிடிக்கும், விரல் துண்டு துண்டா வாசிச்சு மனசில பொருத்தோணும், அதுக்கு இடைவெளி வேணும். ரெண்டாவதில நிலத்துக்கு மட்டும் பசை பூசி உப்புவெளி மண்ணைத் தூவினன், கடலை வழுவழுப்பா விட்டன், கோணேசர் மலைக்கு ஒரு கச்சான், பஸ் ஸ்டாண்டுக்குச் சட்டைப் பொத்தான்.

மாமா பொத்தானில தொடங்கினார். மண்ணில ஊர்ந்து போன விரல் துறைமுகக் கரையில நிண்டுது, பிறகு வழுவழுப்பில இறங்கி, மெல்ல வளைஞ்சு, கொட்டியாரக் குடாவைத் தாண்டித் தெற்குப் பக்கமாப் போய் திரும்ப மண் தட்டுப்படவும் நிண்டுது.

"மூதூர் ஜெட்டி இதில வரோணும் பிள்ளை, நீ ஒண்டும் வைக்கேல்ல" எண்டார்.

பயறு ஒண்டு எடுத்து, அவர் விரலை எடுக்க முதல் அந்த இடத்தில ஒட்டினன்.