பாசியா, படகு ஆயிலா? மண்டபம் கரையில் ஸ்டெரால் மாதிரி எடுத்த அனுபவம்

பழைய பாறையில் பாசியைத் தேடும்போது பார்ப்பது அதன் உருவத்தை அல்ல, செல் சவ்வில் இருந்த ஸ்டெரால் என்ற கொழுப்பின் (கொலஸ்ட்ரால் அதில் ஒரு வகை) மிச்சத்தை. சேற்றில் புதைந்த ஸ்டெரால் ஆக்சிஜனை இழந்து ஸ்டெரேன் ஆகிவிடும். கார்பன் கூடு மட்டும் தப்பிக்கும். அந்தக் கூட்டில், சிவப்புப் பாசி என்றால் பெரும்பாலும் 27 கார்பன் அணு, பச்சைப் பாசி என்றால் 28, 29. பாறையில் கைவைக்குமுன் இன்றைய பாசியிலும் சேற்றிலும் பழகிக்கொள்ளத்தான் மண்டபம் கரைக்குப் போனோம்.

பாசி எளிதில் கிடைத்துவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே எதையும் பறிக்கக் கூடாது. கரை ஒதுங்கியதே போதும். சிவப்புக்குக் கஞ்சிப்பாசி, பழுப்புக்குக் கட்டக்கோரை. முதலாவதில் 27 கார்பன் உள்ள கொலஸ்ட்ரால், இரண்டாவதில் 29 கார்பன் உள்ள ஃபியூகோஸ்டெரால். ஒட்டியிருக்கும் பொடிச் சிப்பி, புழு எல்லாவற்றையும் இடுக்கியால் பொறுக்கிவிடுங்கள். அவற்றிலும் கொலஸ்ட்ரால் உண்டு.

சேறுதான் படுத்தி எடுக்கும். கண்ணாடி பாட்டிலையும் அலுமினியத் தாளையும் 450 டிகிரியில் 6 மணி நேரம் சுட்ட பிறகே கரைக்கு எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் இறங்கும். வெறும் விரல் பட்டால் தோலின் கொலஸ்ட்ரால் சேறில் ஏறி, சிவப்புப் பாசி மாதிரியே நடிக்கும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயிலும் செடிகளின் ஸ்டெராலான 29 கார்பன் சிட்டோஸ்டெரால் இருக்கிறது. முடியைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

இடத்தேர்வில் இன்னொரு சிக்கல். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பாறைகளில், 65.9 முதல் 64.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்டெரேன்களின் அளவும் வகையும் சட்டென்று பெருகுவதை வைத்தே பாசிகளின் எழுச்சியைக் கணித்தார்கள். அன்று தரையில் மரஞ்செடி இல்லை. இன்றோ காரங்காட்டில் அலையாத்தி இருக்கிறது, பாக் நீரிணையில் கடற்புல் இருக்கிறது. இரண்டுமே சிட்டோஸ்டெரால் கொட்டும். அதன் பக்கத்துச் சேற்றில் 29 கார்பன் கூடினால் பச்சைப் பாசி என்று எழுதிவிடக் கூடாது.

ஆய்வகத்தில் சேறை உறைய வைத்து உலர்த்தி, பொடித்து, 20 கிராம் எடுத்து, டைகுளோரோமீத்தேன் 9 பங்கு, மெத்தனால் 1 பங்கு கலவையில் மூன்று முறை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தோம். கறுப்புச் சேறில் தனிக் கந்தகம் இருக்கும். அமிலத்தில் கழுவிய செம்புத் துகளைப் போட்டால் கறுத்துப் போய் அதை இழுத்துக்கொள்ளும். புதிதாகப் போடும் செம்பு கறுக்காத வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு சிலிக்கா பத்தி: ஹெக்ஸேனில் ஹைட்ரோகார்பன் (ஸ்டெரேன் இதில்தான்) முதலில் வரும், மெத்தனால் கலந்ததும் ஸ்டெரால். ஸ்டெராலைப் பிரிடினோடு சேர்த்துச் சிலைலேற்றும் (கருவியில் எளிதாக ஆவியாகும்படி மாற்றும்) திரவத்தில் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் வினை பாதியில் நின்று, கருவி வரையும் கோட்டில் ஒரே ஸ்டெரால் இரண்டு சிகரமாக வரும். எங்களுக்கு அதிகம் கெட்டுப்போனது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு காலி பாட்டிலையும் முதலிலிருந்து கடைசிவரை அதே வழியில் ஓட்டிவிடுங்கள்.

ஹெக்ஸேன் பகுதியை ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து நிறை பார்க்கும் கருவி) ஸ்டெரேனைக் காட்டும் 217 நிறையில் பாருங்கள். இளஞ்சேற்றில் ஸ்டெரேன் இருந்தாலும் உயிர் தந்த ஆர் (R) வடிவம்தான் மேலோங்கும். நிலத்தடிச் சூட்டில் வெகுகாலம் கிடந்து உருவாகும் எஸ் (S) வடிவமும் ஆரும் கிட்டத்தட்டச் சமமாக, 191இல் பாக்டீரியாக் கொழுப்பின் மிச்சமான ஹோப்பேன் வரிசையும் சேர்ந்து வந்தால், அது விசைப்படகு இன்ஜின் ஆயில். மண்ணெண்ணெய் வாடை இல்லை என்பதை நம்பாதீர்கள். மூக்குக்குத் தெரியாத அளவும் கருவிக்குத் தெரியும்.

இதே கறைதான் பெரிய ஆய்வையே கவிழ்த்தது. 1999இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், 270 கோடி ஆண்டுப் பழைய பாறையில் ஸ்டெரேன் கிடைத்ததாக அறிவித்தார்கள். மிகத் தூய்மையாகத் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளில் அது இல்லை என்று 2015இல் தெரிந்தது. அதனால் பாறை கைக்கு வந்ததும் வெளித்தோலை அறுத்து, அதையும் தூக்கிப் போடாமல் உள்பகுதியோடு தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். வெளியே நிறைய, உள்ளே சொற்பம் என்றால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.