சூடானால் மட்டும் வரும் கியர் கோளாறு

பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். அது படுத்தால் என் பிழைப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

சித்திரை வெயிலில் தொல்லை ஆரம்பித்தது. சீதபற்பநல்லூர் தாண்டும் வரை ஒழுங்காக ஓடும். அப்புறம் டேஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு, ஓவர்டிரைவ் என்னும் நான்காம் கியரை நிறுத்தினால் எரிவது, விட்டுவிட்டு எரியும். வேகத்தடைக்கு மெதுவாக்கி மறுபடி மிதித்தால், மூன்றாம் கியரில் கிளப்பிய வண்டி மாதிரித் திணறும். ரிவர்ஸ் மட்டும் எப்போதும் போல எடுக்கும். மரத்தடியில் அணைத்துப் போட்டு அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல நான்கு கியரும் விழும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை லட்சத்தைத் தாண்டியது. ஸ்கேனர் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வண்ணார்பேட்டையில் கார் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரைப் பற்றி நண்பன் சொன்னான். அவர் முதலில் செய்தது ஆயில் பார்த்ததுதான். என்ஜினை ஓடவிட்டு, லீவரை 'பி'யில் (பார்க்கிங்) வைத்து, கியர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அளவு சரி. நிறம் கொஞ்சம் மங்கிய சிவப்பு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "கருகுன வாடை இல்ல அண்ணாச்சி. உள்ள கிளட்ச் தட்டு வெந்திருந்தா இங்கயே தெரிஞ்சிரும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

ஸ்கேனரில் பி0753 (P0753) என்று கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண், வந்தது. ஷிஃப்ட் சோலனாய்டு ஏ, மின்சுற்றுக் கோளாறு. சோலனாய்டு என்பது மின்சாரம் பாய்ந்தால் ஆயில் வழியைத் திறந்து மூடி கியரை மாற்றவைக்கும் சின்ன மின்காந்த வால்வு. பக்கத்து எண்ணான பி0751 வந்திருந்தால் கதை வேறு. மின்சாரம் ஒழுங்காகப் போயும் சோலனாய்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வால்வு இறுகியிருக்கலாம், ஆயில் வழி அடைத்திருக்கலாம். என் வண்டியிலோ கம்ப்யூட்டருக்கு மின்சுற்றில்தான் சந்தேகம். இந்தப் பெட்டியில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் ஏ சோலனாய்டில் மின்சாரம் ஓடியாக வேண்டும். அது செத்தால் மிஞ்சுவது மூன்றும் நான்கும்தான். ஏன் திணறியது என்று அப்போதுதான் விளங்கியது.

உடனே சோலனாய்டு வாங்கிவிடலாம் என்று அவசரப்பட்டேன். அவர் விடவில்லை. கோடு காட்டுவது சுற்றை, பொருளை அல்ல. வயர் அறுந்தாலும் பின்னில் பாசி பிடித்தாலும் இதே எண்தான் வரும் என்றார். கியர்பாக்ஸ் கனெக்டரைக் கழற்றி, ஏ சோலனாய்டின் பின்னுக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வைத்தார். 13.2 ஓம். இன்னொரு ஷிஃப்ட் சோலனாய்டான பி (B) 13. இரண்டும் சுத்தம். கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரை முனைக்கு முனை பார்த்து, அசைத்து அசைத்தும் பார்த்தார். அதிலும் குறை இல்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சூடானாத்தான வருது? அப்ப சூடாவே கொண்டாங்க. விளக்கு எரிஞ்சா எங்கயும் நிப்பாட்டி அணைச்சிராதிய, நேரா இங்க வந்துருங்க."

மறுநாள் மத்தியானம் சீதபற்பநல்லூர் வரை போய்த் திரும்பினேன். அபிஷேகப்பட்டியில் விளக்கு எரிந்தது. பேட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அவர் வாசலில் கொண்டு நிறுத்தினேன். கை சுடச்சுட அவர் கனெக்டரை உருவி மீட்டர் வைத்தார். பி சோலனாய்டு 16.4. ஏ சோலனாய்டில் எண்ணே வரவில்லை, மின்சாரம் போக வழியே இல்லை என்று காட்டும் 'ஓஎல்' என்று நின்றது. சுருள் உள்ளே அறுந்திருக்கிறது. பி ஏறியதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். செம்புக் கம்பி சூடானால் தடை கூடும். 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் ஏறும். ஏ சுருளில் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆறியபோது முனைகள் தொட்டுக்கொண்டன, சூட்டில் விலகின.

வண்டி ஆறிய பிறகு ஆயில் தட்டைக் கழற்றினார். அதன் அடியில் இருந்த காந்தத்தைத் துடைத்து என் விரலில் தடவினார். மை மாதிரி வழுவழுவென்று இருந்தது, நறநறப்பு இல்லை. இவ்வளவு பொடி எல்லாப் பெட்டியிலும் சேரும், செதில் செதிலாக இருந்தால்தான் ஆபத்து என்றார். சோலனாய்டு ஒரே போல்ட்டில் நின்றது; சுண்டுவிரல் அளவுதான். பேட்டரியில் தொட்டதும் 'டக்' என்றது. நான் திடுக்கிட்டேன். அவர் எதிர்த்த டீக்கடையிலிருந்து ஒரு தூக்குவாளியில் கொதிநீர் வாங்கிவரச் சொன்னார். சோலனாய்டை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, வயர் முனை மட்டும் வெளியே நிற்க, பத்து நிமிடம் அதில் முக்கினார். மறுபடி தொட்டார். சத்தமே இல்லை. வெளியே எடுத்து ஆறவிட்டதும் பழையபடி 'டக்'.

புது சோலனாய்டு மதுரையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. மாட்டும் முன் அதையும் அதே கொதிநீரில் போட்டுச் சோதித்தார். வடித்த ஆயிலைப் பாட்டிலில் அளந்து வைத்திருந்தார், மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே அளவு புது ஆயில் ஊற்றினார். தட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். பெட்டி முழுக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் வழிந்துவிடும். எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு, முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, உச்சி வெயிலில் ஆலங்குளம் வரை இருவரும் போனோம். அவர் ஸ்கேனரை மடியில் வைத்திருந்தார், நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீதபற்பநல்லூர் வேகத்தடையில் மெதுவாக்கி மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறுவதை இடுப்பிலேயே உணர்ந்தேன். "மிதிங்க அண்ணாச்சி, பயப்படாதிய" என்றார்.