ஓடு எங்கே?

"ஓடெல்லாம் எங்கே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியப் பாட்டி. முந்தின நாள் ஆறு கடல் மட்டி ஓட்டில் பலகாரம் நிரப்பி அவர் தந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாதே என்று நாலு முறுக்கு வைத்துக் கொண்டுபோயிருந்தேன். முறுக்கை அவர் பார்க்கவேயில்லை. ஆறு ஓட்டையும் நான் குப்பையில் போட்டிருந்தேன். அவை கழுவிக் கழுவி வருடக்கணக்கில் அவர் வீட்டில் புழங்கியவையாம்! அடுத்த பத்து நிமிடம், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துக் குளிரில், குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டிருந்தேன்.

ஸ்டஃபி என்கிறார்கள் இந்தப் பலகாரத்தை. கோஹாக் என்ற பெரிய மட்டியை அவித்துக் கொத்தி, மசாலா சேர்த்து, அதன் ஓட்டிலேயே நிரப்பி ஓவனில் வைப்பது. (எங்கள் வீட்டில் மட்டி என்றால் முதலில் வாழைப்பழம்தான்.) 1987 முதல் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ ஓடு இதுதான். உள்ளே ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் ஓடும். நாராகான்செட் பழங்குடியினர் அந்தப் பகுதியைத் தேய்த்து மணி செய்தார்கள். நான் வீசியது அதைத்தான்.

ஓடு போகட்டும். எனக்கு ஆறாதது பிரெட். வாயில் வைத்தால் மட்டியைவிட பிரெட்தான் அதிகம். பெரிய மட்டி ரப்பர் மாதிரி, பொடியாகக் கொத்தி எதனுடனாவது சேர்த்தால்தான் மெல்ல முடியும் என்கிறார் பாட்டி. நியாயம்தான். ஆனாலும் பிரெட்டா? காய்ச்சல் வந்தால் பாலில் தொட்டுத் தின்கிற சாமானை யாராவது மட்டிக்குள் அடைப்பார்களா?

போன சனிக்கிழமை நானே செய்தேன். ஆவியில் வாய் திறந்ததும் எடுத்து, திறக்காததைத் தூரப் போட்டு, பாத்திரத்தில் தங்கிய உப்புத் தண்ணீரை மண் போக வடிகட்டி, அதில்தான் பிரெட்டை ஊறவைக்க வேண்டும். ருசியெல்லாம் அந்தத் தண்ணீரில். வெங்காயம், செலரி, போர்த்துகீசியப் பன்றி சாசேஜ். செலரி வாடை எனக்கு ஆகாது, கறிவேப்பிலை போட்டேன். அப்புறம் ஒரு பச்சை மிளகாய். அப்புறம் மிளகு. சரி, கொஞ்சம் தேங்காய்த் துருவலும். கொஞ்சம் என்றா சொன்னேன்?

கன்னியாகுமரிப் பக்கம், கடியபட்டணத்துப் பாறையில் மூழ்கி அறுத்த சிப்பி வீட்டுக்கு வரும் நாளில், அது பாறையைப் பிடித்திருந்த நார் பிடுங்க அம்மா என்னைத்தான் உட்காரவைப்பாள். விரல் நுனியெல்லாம் கீறல். மிளகும் தேங்காயும் வறுபடும் வாசனை வரும்வரை எழுந்திருக்க முடியாது. ஓடெல்லாம் தென்னை மூட்டில் போய்க் கிடக்கும். யாரும் தேடி வந்ததில்லை.

190 டிகிரியில் 25 நிமிடம், மேலே நன்றாக முறுகியிருந்தது. பாட்டி எலுமிச்சை பிழிந்து ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பிரெட் எங்கே?"

இந்த ஊர் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. அதைக் காட்டத்தான் அன்று இரவு அம்மாவை வீடியோவில் அழைத்தேன். கழுவி அடுக்கிய ஓடுகளை அவள் உற்றுப் பார்த்தாள்.

"எடுத்த கறிய எதுக்கு மக்ளே திரும்பவும் ஓட்டுக்குள்ள வச்சே?"

"இங்க அப்படித்தான் அம்மா."

"நார் பிடுங்குனியா?"

"இதுல நாரே கிடையாது."

"அப்போ அது சிப்பியே இல்ல."