ஒரே வயர், ரெண்டு தெரு

லப்டொப்பில இருந்து ஒசிலோஸ்கோப்புக்கு பிங் அடிச்சால், அதுதான் "இருக்கிறியா?" எண்டு கேட்டு ஒரு சின்னச் செய்தி அனுப்பினால், மறுமொழியே இல்லை.

உட்துறைமுக வீதிப் பக்கத்துக் கடல்காத்து, மேசையில மின் சைகையைத் திரையில கீறிக்காட்டிற ஒசிலோஸ்கோப், என்ர லப்டொப், நடுவில ஒரு நீல லான் வயர். வயரில பிழையில்லை. சொக்கெட்டில அந்தச் சின்னப் பச்சை லைட் காலமையில இருந்தே மின்னிக்கொண்டுதான் கிடந்தது.

பழகவந்த பெடியன்தான் ஒசிலோஸ்கோப்பின்ர திரையைக் காட்டினான். "அண்ணை, 169.254 எண்டு கிடக்கு. இதுக்கு ஒருத்தரும் முகவரி குடுக்கேல்ல, தானாப் போட்டிருக்கு."

எவ்வளவு சரி! முகவரி குடுக்கிற ரூட்டர் இல்லாத இடத்தில அது அப்பிடித்தான் செய்யும். லப்டொப்பில நான் போட்டது 192.168.1.10.

ஒரே வயரில இருந்தும் ரெண்டும் வேற வேற தெருவில நிண்டிருக்குதுகள். எத்தினை வீட்டில நாங்களும் இப்பிடித்தான்.

கருவிக்குக் கையால 192.168.1.20 குடுத்தம். எந்தெந்த முகவரி ஒரே தெரு எண்டு சொல்லுற சப்நெட் மாஸ்க் ரெண்டுக்கும் 255.255.255.0.

"நீ ஆர்?" எண்டு கேக்கிற கட்டளையைப் பெடியனையே அடிக்கச் சொன்னன். கருவி தன்ர மொடலையும் தொடர் இலக்கத்தையும் ஒரே வரியில எழுதி அனுப்பிச்சுது. அவன் அதை வாய்விட்டு ரெண்டு தரம் வாசிச்சான்.