சாய் யிங் புன் நாட்குறிப்பு

செப்டம்பர் 20, 2025, சனி

லண்டனில் பிறந்தவள் என்று சொன்னால் ஹாங்காங்கில் யாரும் லேசில் நம்புவதில்லை. வெள்ளைக்கார நண்பருடன் சாப்பிடப் போனால் ஆங்கில மெனு அவர் கைக்குப் போகும், "இந்தியாவா?" என்ற கேள்வி எனக்கு வரும். யாழ்ப்பாணத்து அப்பா அம்மா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்று விளக்குகிற அளவுக்குக் கான்டனீஸ் தெரியாது. தெரிந்தது "தொங் நாய் சா, சியூ திம்". அதாவது ஐஸ் போட்ட பால் டீ, சர்க்கரை கம்மி.

சாய் யிங் புன்னில் என் வீட்டுக்குக் கீழே ஒரு சா சான் தெங், அதாவது டீயும் சாப்பாடும் கிடைக்கும் ஹாங்காங் பாணிக் கடை. அங்கே தனி மேசை எதிர்பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாத இரண்டு பேர் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கும் மேசையில் காலி ஸ்டூலைக் காட்டுவார்கள், உட்கார வேண்டியதுதான். டீ மாஸ்டர் நீளமான துணி வடிகட்டியில் சாயத்தை மறுபடி மறுபடி ஊற்றி இறக்குகிறார். தூள் பெரும்பாலும் சிலோன் தேயிலை. எங்கள் மலையகத்தில் பறித்த கொழுந்து இங்கே எவாபரேட்டட் பாலோடு கலந்து வருகிறது. மாலையில் குடித்தால் நடுநிசி வரை தூக்கம் கிடையாது.

செப்டம்பர் 22, திங்கள்

ரகாசா புயல் வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரி காலி. சந்தையில் சோய் சம் கீரை இரண்டு மடங்கு விலை, ஆனாலும் வரிசை குறையவில்லை. எதிர்க் கட்டடத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டியிருக்கிறார்கள். நானும் ஒட்டினேன். அதனால் பயன் உண்டோ இல்லையோ, சும்மா இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

மதியம் 2:20க்கு எட்டாம் எண் எச்சரிக்கை. அதற்கு முன்பே ஆபீஸ் காலியாகிவிட்டது, எம்டிஆர் ரயிலில் கால் வைக்க இடமில்லை. இந்த எண் முறை பிரிட்டிஷ் காலத்தில், 1917இல் வந்தது. வானிலை ஆய்வகம் 1912இல் வாங்கிய 'ராயல்' பட்டத்தை 1997இல் கழற்றி வைத்துவிட்டது. எண் முறை மட்டும் தொடர்கிறது. இங்குள்ள பிரிட்டிஷ்காரர்கள் சிலருக்கு எட்டாம் எண் என்றால் பப்புக்குப் போகிற நாள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இரவு அம்மா போன். "புயலெண்டு டிவியில காட்டுறாங்கள், வெளியில போகாத பிள்ளை."

செப்டம்பர் 24, புதன்

விடியுமுன் பத்தாம் எண். அதற்கு மேல் எண் இல்லை. கட்டடம் மெல்ல ஆடியது. கிளாஸில் வைத்திருந்த தண்ணீரைப் பார்த்தால் தெரிந்தது. குளியலறை ஜன்னல் இடுக்கு வழியாக மழை வந்ததால் துண்டைப் பிழிந்து பிழிந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சென்ட்ரல் பகுதியில், ஞாயிறன்று கார்கள் இல்லாத சேட்டர் சாலையில், அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, பிலிப்பைன்ஸ் பெண்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள். எங்களை 'எக்ஸ்பாட்' என்கிறார்கள், இவர்களை 'ஹெல்ப்பர்' என்கிறார்கள். விமானம் ஏறி வந்தது இரு தரப்பும்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

பக்கத்து சீட் தோழிக்கு இப்போது என்னிடம் ஒரே பேச்சுதான்: சட்டன். தெற்கு லண்டனில் இருக்கும் அந்த சட்டனுக்கு ஹாங்காங் குடும்பங்கள் நிறையப் போய்விட்டன. அவள் அண்ணனும் பி.என்.ஓ. விசாவில், அதாவது ஹாங்காங்காரர்களுக்காக பிரிட்டன் 2021இல் திறந்த விசாவில், போனவர். ஐந்து வருடம் இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லித்தான் போனார். அதைப் பத்து வருடமாக்கிவிடுவார்களோ என்று மே மாதத்து பிரிட்டிஷ் அரசு அறிக்கைக்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் கலக்கம்.

அதே வசிப்புரிமைக்கு எனக்கு இங்கே ஏழு வருடம் வேண்டும். 1997 ஏப்ரலுக்கு முன் என்றால் பிரிட்டிஷ்காரர் விசா இல்லாமலே வந்து வேலை பார்க்கலாம். அவள் பள்ளிக்கூடம், வாடகை, குளிர் என்று கேட்கக் கேட்க, நான் வேண்டாமென்று விட்டு வந்த ஊரை விற்கிற ஏஜென்ட் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று நிலாத் திருவிழா, இன்று விடுமுறை. தோழி என்னை டாய் ஹாங் பகுதியின் நெருப்பு டிராகன் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனாள். 67 மீட்டர் நீள வைக்கோல் உடம்பு முழுக்க ஊதுபத்தி செருகி, சந்துக்குள் வளைத்து வளைத்துத் தூக்கி ஓடுகிறார்கள். புகையில் கண் எரிகிறது. ஒருவரும் நகர்வதாக இல்லை.

அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். மகனிடம் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர். என்னைப் பார்த்துக் கான்டனீஸில் ஏதோ கேட்டார், தோழி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "சட்டனில் மீன் உயிரோடு கிடைக்குமா?"

பக்கத்தில் டூட்டிங்கில் எங்கள் தமிழ்க் கடைகளில் நல்ல மீன் கிடைக்கும், ஆனால் ஐஸில்தான் இருக்கும் என்றேன்.

அந்த அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டிராகனிலிருந்து உருவிய ஊதுபத்தியைக் கூட்டத்துக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். முழங்கையால் வழி விலக்கிக்கொண்டு வாங்கப் போய்விட்டார்.