ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் தண்டுவடத்துக்கு ஆபத்து இருக்கு

நெஞ்சுலேர்ந்து வயிறு வரைக்கும் வீங்கிப்போன அயோர்ட்டாவ, அதாவது இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய, மாத்தற ஆபரேஷன்ல உயிர் பயத்துக்கு அடுத்த பெரிய பயம், ரெண்டு காலும் விளங்காம போயிடுமோங்கறது. நான் மயக்க மருந்து டாக்டர், இந்தக் கேஸ்ல எங்க வேலைல பாதி அந்தக் காலக் காப்பாத்தறதுதான்.

காலுக்குக் கட்டளை போறது தண்டுவடம் வழியா, அதுக்கு ரத்தம் குறைஞ்சா கால் விளங்காம போயிடும். தண்டுவடத்துக்குப் போற ரத்தத்துல பெரும்பங்கு அயோர்ட்டாவோட சின்னக் கிளைகள் வழியாத்தான் போகுது. அதுல பெருசு ஆடம்கீவிச் தமனி, பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும், ஆனா எந்த மட்டத்துல கிளம்பும்கறது ஆளுக்கு ஆள் மாறும். அயோர்ட்டாவுல ரத்தத்த நிறுத்தற கிளாம்ப், அதாவது கிடுக்கி, போட்டதும் கீழ பிரஷர் விழுந்துடும், அதே நேரம் தண்டுவடத்தச் சுத்தி இருக்கற நீரோட பிரஷர் ஏறும், அப்ப ரத்தம் வர்றதும் கம்மி, வெளிலேர்ந்து நெருக்கறதும் சேந்துக்கும். சராசரி பிபில அந்த நீரோட பிரஷரக் கழிச்சா மிச்சம் நிக்கறதுதான் தண்டுவடத்துக்கு ரத்தத்தத் தள்ளற பிரஷர்.

அதான் முதுகுல மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு அந்த நீர வடிக்கறோம். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கொசெல்லிங்கற சர்ஜனோட டீம் 145 பேர வெச்சு செஞ்ச ட்ரையல் 2002ல வந்துச்சு, வடிக்காதவங்கள்ல 13 சதவீதம் பேருக்குக் கால் பலம் போச்சு, வடிச்சவங்கள்ல 2.6தான். அதுக்காக வேகமா வடிச்சுடவும் கூடாது, மூளையச் சுத்தி ரத்தக்கசிவு ஆகிடும், அதனால நீரோட பிரஷர் 10 mmHg-க்குப் பக்கத்துல, வடிக்கறது மணிக்கு 10, 15 மில்லிக்குள்ள. உடம்பக் கொஞ்சம் குளிர வைக்கறது, கீழ்ப்பாதிக்கு பம்ப்ல ரத்தம் அனுப்பறது, முக்கியமான கிளைகளத் திரும்பத் தைக்கறது இதெல்லாமும் உண்டு.

ஆனா எனக்கு ரொம்பக் கவலை ஐசியூவுலதான். கண் முழிச்சு ரெண்டு காலையும் நல்லா ஆட்டினவருக்கு மறுநாளோ அதுக்கடுத்த நாளோ பிபி இறங்கினா கால் போயிடலாம், அதுவும் வருஷக்கணக்கா பிபி இருந்தவருக்கு நமக்கு நார்மலா தெரியற 110 பத்தாது, அதனால பழைய பிபி மாத்திரைய வழக்கம்போல ஆரம்பிச்சுடாம யோசிச்சுத்தான் குடுக்கணும், நைட் ட்யூட்டி நர்ஸ் மணிக்கொருதரம் எழுப்பி "ஐயா கால மடக்குங்க"ன்னு கேக்கறது தொல்லையில்ல, அதுதான் ட்ரீட்மெண்ட். கால் தளர்ந்தது உடனே தெரிஞ்சா பிபிய ஏத்தி, நீர இன்னும் கொஞ்சம் வடிச்சு, ஹீமோகுளோபின் கம்மினா ரத்தம் ஏத்தி பலரத் திருப்பி நடக்க வெச்சிருக்கோம்.

வீட்டுக்குப் போன பிறகும் அபூர்வமா வரும். கால் மரத்துப்போகுது, எந்திரிக்க முடியலன்னு சொன்னா, படுத்தா சரியாயிடும்னு விடாதீங்க, ராத்திரியா இருந்தாலும் கிளம்பி வந்துடுங்க.