வீலுக்கு முன் பிரேக்

மூன்று வருடமாக கார் ரேஸ் வீடியோ கேமை லாஜிடெக் ஜி29 வீலை மேசையில் பூட்டித்தான் ஓட்டினேன். மோட்டாரிலேயே நேரடியாகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் வீலுக்குச் சேர்த்த பணத்தில் போன மாதம் லோட் செல் பெடல் வாங்கினேன். சரியான முடிவு. சாதாரண பெடல் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று பார்க்கும். இது எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று அளக்கும். கால் தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது.

முதல் மிதியிலேயே பெடலைப் பொருத்திய பிளைவுட் பலகை வளைந்தது, நாற்காலி பின்னால் ஓடியது. சரி என்று அலுமினியம் புரொஃபைல் வாங்கி, சீட்டையும் பெடலையும் ஒரே சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன்.

அப்புறம் கேமில் இத்தாலியின் மோன்சா ரேஸ் டிராக். ஃபார்முலா 1 காரில் 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வந்து, முதல் சிகேனில் (வலமும் இடமுமாக அடுத்தடுத்து வரும் வளைவில்) முழு மிதி, பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தல். பத்துச் சுற்றிலும் ஒருமுறைகூட டயர் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கவில்லை! கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது. இன்று இரவும் மோன்சாதான்.